ஒப்புதலுக்குக் காத்திருப்பவை

கேஸ் கீசர் பழுது பார்க்கும் அந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு வீட்டில் பர்னரைத் துடைத்தால், மூன்று வீட்டுக்குப் போதுமான அறிவுரையைச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். அதுவும் போதாதென்று பிளாக் தொடங்கினார். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் தவறாமல் ஒரு வரி: "சந்தேகம் எதுவானாலும் கீழே கேளுங்கள், அன்றே பதில் சொல்வேன்."

எட்டு மாதம் ஆயிற்று. ஒரு பின்னூட்டம் இல்லை. எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

"கேள்வியையும் நீங்களே கேட்டுக்கோங்க, பதிலையும் நீங்களே சொல்லிக்கோங்க," என்பாள் மனைவி. சிரித்துக்கொள்வார். உள்ளே வலிக்கும்.

ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது மகள் அவர் போனை வாங்கித் துழாவினாள்.

"அப்பா, 'ஒப்புதலுக்குக் காத்திருப்பவை'ன்னு ஒண்ணு இருக்கே, பாக்கவே இல்லையா? முப்பத்தேழு பின்னூட்டம் கிடக்கு. நீங்க சரின்னு அழுத்தினாத்தான் வெளிய வரும்."

கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, விருந்தாளி வரவில்லையே என்று எட்டு மாதம் புலம்பியிருக்கிறார்!

ஆசையாகத் திறந்தார். மேலே இருந்த மூன்றும் ஒரே பெண்ணுடையவை. முதல் நாள்: "அண்ணா, கீசர் தீ மஞ்சளா எரியுது, பரவாயில்லையா?" மறுநாள்: "குளிச்சா அம்மாவுக்குத் தலை சுத்துது. குளியலறையில ஜன்னல் இல்ல." நேற்று: "இன்னிக்கு உள்ளயே மயங்கிட்டாங்க. தினம் ஒன்பது மணிக்குக் குளிப்பாங்க. நாளைக்கு விடலாமா?"

மஞ்சள் தீ என்றால் வாசனையே இல்லாத விஷவாயு. கடிகாரத்தில் எட்டு நாற்பது.

மூன்றுக்கும் ஒப்புதல் அழுத்திவிட்டு, கீழே பதில் அடித்தார்: "கீசரை உடனே நிறுத்துங்க. அம்மாவைக் குளிக்க விடாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க." பதற்றத்தில் தன் போன் நம்பரைப் போடக்கூடத் தோன்றவில்லை.

ஒன்பது அடித்தது. ஒன்பது பத்து. பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தார். பதிலே இல்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரிந்தால் ஓடியாவது போயிருப்பார்.

மனைவிதான் கேட்டாள்: "அந்த ஒப்புதல் பூட்டை எடுத்தீங்களா? அவ பதிலும் அங்கதானே போய் மாட்டும்?"

அங்கேதான் இருந்தது. எட்டு ஐம்பத்திரண்டுக்கு வந்தது. "அம்மா துண்டோட உள்ள போயிட்டாங்க. கதவைத் தட்டி வெளிய கூட்டிட்டு வந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம். அன்றே பதில்னு எழுதியிருந்தீங்களேன்னுதான் மூணு நாளா காத்திருந்தேன் அண்ணா."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. முதலில் பூட்டை எடுத்தார். வேலைக்குப் போகாமல், மிச்சமிருந்த முப்பத்து நான்கையும் படிக்க உட்கார்ந்தார்.

கடைசியில் கிடந்தது ஏழு மாதத்துக்கு முன் வந்தது. "ஐயா, எங்க வீட்லயும் தீ மஞ்சளாத்தான் எரியுது. ஆபத்தா?"

பதில் எழுதிவிட்டார். இன்னும் காத்திருக்கிறார்.