நான் போட்ட மதர் ப்ராமிஸ்

இரண்டு வாரம் முன்பு, திங்கட்கிழமை மதியம், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் ‘மதர் ப்ராமிஸ்’ செய்து தொலைத்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இங்கே தெலுங்கு ஊரில், மெட்டுகுடா பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளின் மனக்குறை கேட்கும் கவுன்சிலர் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அவளை தியா என்று வைத்துக்கொள்வோம். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் அவள் தேர்வுதான். மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். மதியச் சாப்பாட்டுக்கு முன் பள்ளியிலேயே இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும்.

“மேம், எவரிக்கீ செப்பொத்து. மதர் ப்ராமிஸ்?”

யாரிடமும் சொல்லக்கூடாதாம். வீட்டில் தமிழ், வாயில் தெலுங்கு. மீறினால் மீறியவரின் அம்மாவுக்கு ஆபத்து - இது இங்குள்ள பிள்ளைகளின் சட்டம். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். உயிருக்கு ஆபத்தான விஷயமென்றால் சொல்லியே ஆவேன் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? என் தொழிலின் அரிச்சுவடியே அதுதானே!

சொன்னாள். வகுப்பில் கிண்டலாம். பதினைந்து நாளாக மதிய ஊசியே போடவில்லை. வீட்டில் ‘போட்டேன்’ என்று பொய். சர்க்கரை ஏறுகிறதே என்று டாக்டர் டோஸைக் கூட்டியிருக்கிறார்...



இதே தியாவின் அம்மா அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஒரு டப்பா பருப்புப் பொடியோடு வந்திருந்தார். “மேடம், நாமெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம். நமக்குள்ள என்ன? யாரோ பையன்கிட்ட பேசுறாளாமே... உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?”

“நக்கோ மா, வேண்டாம், அதை அவகிட்டயே கேளுங்க” என்று பொடியோடு திருப்பி அனுப்பினேன். பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அதே அம்மாவை நானே கூப்பிட வேண்டும்!

பையன் விஷயம் அவளுடையது. ஊசி விஷயம் அப்படியில்லை. இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் நாலு சுற்று நடந்தேன்.

முதலில் அவளிடமே சொன்னேன். “அம்மாவுக்குத் தெரிஞ்சாகணும்டா. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? நீயும் பக்கத்துல இரு.”

“சீட்டர்!” என்றாள். கண் நிறைய தண்ணீர்.

நானே போன் போட்டேன். அரை மணியில் அவள் அம்மா வந்தார். ஊசியைப் பற்றி மட்டும் சொன்னேன். அழுதார், அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டார். மறுநாளிலிருந்து யார் கண்ணிலும் படாமல் நர்ஸ் அறையில் ஊசி என்று ஏற்பாடு.

தியா என்னிடம் பேசவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குழந்தையைக் காப்பாற்றினேனா, குழந்தையின் நம்பிக்கையைக் கொன்றேனா? உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை கதவோரம் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“மேம்... மீ அம்மா பாகுன்னாரா?”

சட்டத்தை மீறியவள் நான்; என் அம்மா நலமா என்று அவள் கேட்கிறாள்! அத்தனை கோபத்திலும் அந்தக் கவலை அவளுக்கு இருந்திருக்கிறது.

“நல்லா இருக்காங்கடா. உள்ள வா.”

வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை ப்ராமிஸ் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை முதல் தினமும் இரண்டு முறை என் அம்மாவுக்குப் போன் செய்து ‘நல்லா இருக்கியா?’ என்று நான் கேட்டதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!