கோட்டு மட்டும் பதிவாளருடையது

பல்கலைக்கழகத்தின் ஆவண அறை பழைய கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அங்கே முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ஆதாரம் அக்கா. யார் எதைச் சொன்னாலும் "அதுக்கு ஆதாரம்?" என்று கேட்டுவிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். ஒருநாள் காய்ச்சல் என்று வந்து படுத்த புருஷன், அவள் வாயைத் திறப்பதற்குள், "தொட்டுப் பாரு தாயே, சுடுது. போதுமா?" என்றாராம்.

அவளுடைய உலகம் கண்ணாடித் தகடுகள். பல்கலைக்கழகம் ஆரம்பித்த நாளில் இங்கே வந்த புகைப்படக்காரர் பழைய மாதிரி கண்ணாடித் தகட்டில்தான் படம் பிடிப்பார். அந்தத் தகடுகளைப் பருத்திக் கையுறை போட்டு ஓரத்தை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். உறையின் மேல் எண்ணைப் பென்சிலால் முதலில் எழுதிவிட்டு, பிறகுதான் தகட்டை உள்ளே செருக வேண்டும். மாற்றிச் செய்தால் பென்சில் முனை அழுந்திக் கண்ணாடி கீறிவிடும். ஒருமுறை இதை மறந்த உதவியாளரிடம் அவள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மனிதர், திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று கடைசிவரை புலம்பினார்.

வேலைக்குச் சேர்ந்த வருஷமே அவளுக்குப் பெரிய பொறுப்பு வந்தது. இந்த இடத்தை வளர்த்தவர்களின் படங்களைப் பெரிதாக்கி முதல் மாடி நடைக்கூடத்தில் மாட்ட வேண்டும். துணைவேந்தர்கள், நிலம் கொடுத்தவர், பேராசிரியர்கள் எல்லாரும் சுலபமாகக் கிடைத்தார்கள். முதல் பதிவாளர்தான் தண்ணி காட்டினார். இரண்டே வருஷம் இருந்துவிட்டு வெளிநாடு போய்விட்டவர். பிள்ளைகுட்டி கிடையாது. அவர் பெயர் எழுதிய உறையில் இரண்டு தகடுகள் இருந்தன. ஒன்றில் பூச்சு உரிந்து வெறும் புகைதான் மிச்சம். இன்னொன்றில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சின்ன நெகட்டிவின் கீழ்ப்பாதியைக் கவனிக்காமல் மார்பளவுக்கு வெட்டிப் பெரிதாக்கினாள். பதிவாளரை நேரில் பார்த்தவர் என்று மிச்சமிருந்தது ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்தான். சோடாபுட்டிக் கண்ணாடியைப் படத்தோடு ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, "கோட்டு அவரோடதுதாம்மா. அப்போ அவரேதான்" என்றார். அவளும் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டாள்.

திறப்பு விழாவில் பெருக்கும் வேலை பார்த்த ஒரு அம்மாள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுததை எல்லாரும் பார்த்தார்கள். பதிவாளர் அவ்வளவு நல்ல மனுஷர் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

இப்போது அறுபதாம் ஆண்டு. படங்களையெல்லாம் சேர்த்து ஒரு மலர் அச்சாகிறது. அவள் ஓய்வு பெறவும் மூன்று வாரம்தான் இருந்தது. அந்த மலரில் அவள் பார்த்து எழுதிய நாற்பத்திரண்டு குறிப்புகள். ஒன்றிலும் பிழை கிடையாது என்பதில் அவளுக்குக் கர்வம் உண்டு, சும்மா சொல்லக்கூடாது. அதற்காகத் தகடுகளை முழுதாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தபோதுதான் பதிவாளர் கணினித் திரையில் தலை முதல் கால் வரை வந்து நின்றார்.

கோட்டுக்குக் கீழே பசைக்கறை படிந்த துணி ஏப்ரன். வலது கட்டைவிரலில் சுற்றிய தடித்த நூல். செருப்பில்லாத கால். தகட்டின் மூலையில் ஒரு கீறல்.

அந்தப் புகைப்படக்காரரின் நாட்குறிப்பு எட்டு வருஷத்துக்கு முன்புதான் ஆவண அறைக்கு வந்திருந்தது. எடுத்துப் புரட்டினாள். கறுப்புக் கோட்டில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க, படம் எடுத்துக்கொள்ள வந்தவரின் கோட்டைக் கழற்றி வாங்கிப் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவருக்கு மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து ஒரு சோதனைப் படம் எடுப்பாராம். அந்தத் தகட்டின் மூலையில் கீறிவிடுவாராம். மூலைக் கீறலைப் பழைய சேதம் என்று நினைத்துப் பதிவேட்டில் எழுதியதும் இதே மகராசிதான்!

நூல் சுற்றிய விரல், பசை ஏப்ரன். இது புத்தகம் தைக்கும் பைண்டர். நூலகத்தின் பழைய சம்பளப் பட்டியலில் அந்த நாளில் ஒரே ஒரு பைண்டர்தான் இருந்தார். பணியில் இருக்கும்போதே இறந்தவர். மனைவிக்குப் பெருக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். பின்னால் மகனுக்கு எலக்ட்ரீஷியன் வேலை.

முழுப் படத்தைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு அவள் மாடிக்கு ஓடினாள். நடைக்கூடத்தில் பாதி பல்புகள் மாதக்கணக்கில் எரியாது, எழுதிக் கொடுத்தாலும் எரியாது. பதிவாளர் படத்துக்கு மேலே இருக்கும் பல்பு மட்டும் ஒருநாளும் அணைந்து அவள் பார்த்ததில்லை. எலக்ட்ரீஷியன் அன்றைக்கும் ஏணி மேல் நின்று அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் இறங்குங்க."

இறங்கினார். அவள் கையில் இருந்த முழுப் படத்தைக் காட்டினாள். அவர் ஏப்ரனைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"திறந்த அன்னைக்கே தெரியும். அம்மாதான் பார்த்துச் சொன்னாங்க. அப்பா போனப்ப எனக்கு ஆறு வயசு, முகமே ஞாபகம் இல்ல. வீட்டுல ஒரு போட்டோ கிடையாது. இது ஒண்ணுதான்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா இறக்கிடுவாங்களே அக்கா. இப்பவும் சொல்லாதீங்க. நான் ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம்தான். நான் போற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவள் தலையை ஆட்டினாள். அது எதற்கு ஆட்டியது என்று அவளுக்கே தெரியாது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் அந்த மனுஷருக்கு இருக்கிற ஒரே அப்பாவும் சுவரிலிருந்து இறங்கிவிடுவார். சொல்லாவிட்டால் பொய் என்று தெரிந்தே ஒரு பொய்யைத் தன் கையால் அச்சுக்கு அனுப்ப வேண்டும். புருஷனிடம் சொன்னாள். அவர் கேலி எதுவும் பேசாமல் கேட்டார்.

"விட்டுடேன். மூணு வாரத்துல வீட்டுக்கு வரப் போற. யாருக்கு நஷ்டம்?"

"அந்த பைண்டருக்கு. அவர் இங்க இருந்தாருங்கறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் வேற ஒருத்தர் பேரை நான் எழுதி வச்சிருக்கேன்."

"அப்போ எதுக்குத் தூங்காம கிடக்குற? முடிவு பண்ணிட்டல்ல?"

மறுநாள் அவள் இப்போதைய பதிவாளரின் அறைக்குப் போனாள். தன் பிழை என்ன, எப்போது செய்தது, எப்படித் தெரிந்தது என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். பதிவாளர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"என்னம்மா இது? அச்சுக்குப் போற நேரத்துல! யாரு கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க சார். அதனாலதான் நானே வந்தேன்."

"சரி, படத்தை இறக்கிடலாம். மலர்லயும் அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க."

"இறக்குங்க சார், அது பதிவாளர் இடம். பக்கத்தை எடுக்க மாட்டேன். நம்ம நூலகத்துப் புத்தகம் பாதி இவர் தைச்சது. முழுப் படம் போட்டு, பைண்டர்னு அவர் பேரை எழுதறேன். முடியாதுன்னா மிச்சம் நாற்பத்தொண்ணையும் நீங்களே எழுதிக்குங்க."

அவள் குரலை உயர்த்தியதே இல்லை என்பதால் பதிவாளர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். அப்புறம், "அடையாளம் காட்ட ஆள் இருந்தா போடுங்க. இந்த முறை கோட்டைப் பார்த்துச் சொல்ற ஆள் வேண்டாம்" என்றார்.

அந்த அம்மாள் எப்போதோ இறந்துவிட்டாள்; அவள் சொன்னதைக் கேட்டு அடையாளம் காட்ட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் அவளிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். படத்தை இறக்கச் சொல்லி ஆணை வந்த அன்று ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனார், திரும்பியும் பார்க்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடையாளம் காட்டும் படிவத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

படத்தை அவரேதான் இறக்கினார். வேறு யாரையும் தொட விடவில்லை. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "திருப்தியா அக்கா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே. இந்தப் படிவத்துல நீங்க எழுதினாத்தான் மலர்ல அவரை அவர் பேர்லயே போட முடியும். எழுத மாட்டேன்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவர் படிவத்தை வாங்கி வெகுநேரம் படித்தார். படத்தில் இருப்பவர் பெயர், தொழில், அடையாளம் காட்டுபவர், உறவு. அதில் நான்கே கட்டங்கள்தான். அவளிடமே பேனாவை வாங்கி, பெஞ்சில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அழுத்தி அழுத்தி எழுதினார். அப்பா பெயர். புத்தக பைண்டர். தன் பெயர். கடைசிக் கட்டத்தில் 'மகன்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது.

"முப்பத்தோரு வருஷம் அக்கா," என்றார். "தொடைக்கும்போது யாராவது பக்கத்துல இருப்பாங்க. அதனால எங்க அப்பாவை நான் பதிவாளர் சார்னுதான் கூப்பிடுவேன்."

அவள் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அவர்தான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.