ரோடு என்ன களமா?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். செங்கல் சுமந்த தலை இது. இன்று சொந்தச் சூளை வைத்திருக்கிறேன். பைக்கிலிருந்து ஒரு நாளும் விழுந்தவனில்லை. என்னையே விழ வைத்தார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கறம்பக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியின் மடியில் ஹெல்மெட். போலீஸைக் கண்டால் மட்டும் வாங்கித் தலையில் மாட்டிக்கொள்வது என் வழக்கம். வழியில், வண்டிகள் ஏறிப் பயறு உதிரட்டும் என்று உளுந்துச் செடியை ரோடு முழுக்கப் பரப்பி, வண்டிகள் ஒதுங்கிப் போகாதபடி ஓரத்தில் கருங்கல்லை வைத்திருந்தார்கள்.

"எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவோங்க" என்றாள்.

"எனக்கே சொல்லித் தாரியா?" என்று முறுக்கினேன்.

சக்கரம் வழுக்கியது. இருவரும் விழுந்தோம். அந்தக் கல்லில் உரசி என் காது கிழிந்தது. விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் மண்டை பிளந்திருக்கும்.

உளுந்துக்காரன் ஓடி வந்தான். "ஏங்க, பாத்து வரக் கூடாதா? பயறெல்லாம் செதறிப் போச்சே!"

"என் தலை செதறியிருக்கும்டா!" என்று சட்டையைப் பிடித்தேன்.

மனைவி முழங்கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அவனை விடுங்க. மடியில இருந்த ஹெல்மெட்டுக்கு ஒரு கீறல் இல்ல, பாத்தீங்களா?"

சட்டையை விட்டேன். திட்டுவதை விடவில்லை.

இப்போது இருவரும் ஹெல்மெட் மாட்டி, வாரைப் பூட்டிக்கொண்டுதான் கிளம்புகிறோம். செடி கிடந்தால் இறங்கித் தள்ளுகிறேன். தாண்டும் வரை பரப்பியவனைத் திட்டிக்கொண்டேதான் தள்ளுகிறேன். திட்டைக் கேட்கப் பிடிக்காதவன் செடியைக் களத்தில் கொண்டுபோய்ப் போடட்டும்.