மூன்று துண்டு மாகாணம்

அப்பாவின் குடும்ப அட்டையை வெட்டியது நான்தான். பதினோரு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நடுக்கடல் தீவில், பல மொழிக்காரர்கள் குடியேறிய பெரார்கஞ்சில் எட்டாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்குத் தலைப்பு தர, சமூக அறிவியல் சார் சீட்டு குலுக்கிப் போட்டார். மற்றவர்களுக்கு எரிமலை, சூரியக் குடும்பம் என்று விழுந்தது. எனக்கு விழுந்தது, இன்றைய வரைபடத்தில் இல்லாத ஒரு ஜெர்மன் மாகாணம். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி, கிழக்கே இரண்டு மாகாணங்களின் பெரும்பகுதியைப் போலந்துக்கு விட்டுக்கொடுத்தது. எல்லையோரம் ஒன்றையொன்று தொடாத மூன்று துண்டுகள் மிஞ்சின. அவற்றை ஒன்றாக்கி, இழந்தவற்றின் பெயரையே சூட்டி, போசன்-மேற்குப் பிரஷ்யா என்றார்கள். பதினாறு வருடத்தில் அதையும் கலைத்து, அக்கம்பக்கத்து மாகாணங்களோடு சேர்த்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிரஷ்யா என்று சொல்லும்போதே ஓர் அங்குலம் வளர்ந்துவிடுவேன்.

பழைய மாகாணத்துக்குப் பழைய காகிதம் வேண்டுமென்று தோன்றியது. தாத்தா குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது அரசாங்கம் கொடுத்த அந்தக் குடும்ப அட்டை, ஒரு துணிப்பையில் மடங்கிக் கிடந்தது. அப்பாவுக்கு அப்போது ஆறு வயதாம். அட்டை நல்ல தடிமன், பழுப்பேறிய நிறம். எழுத்துப் பக்கத்தைக் கீழே வைத்து மூன்றாக வெட்டி, தெர்மாகோலில் ஒட்டினேன். தாத்தாவின் கைநாட்டு மை பின்பக்கம் வரை ஊறியிருந்தது. அதன் நடுவிலேயே தலைநகரத்துக்குச் சிவப்புப் பொட்டு வைத்தேன்.

மறுநாளே அப்பா தேட ஆரம்பித்தார். வீட்டு மனைக்குப் பட்டா கேட்டு மனு போட்டிருந்தார். அசல் அட்டையோடு வரச் சொல்லியிருந்தார்கள். பாயைப் புரட்டினார், அரிசி டிரம்மை நகர்த்திப் பார்த்தார். நானும் கூடவே தேடினேன். வெட்டியதைவிட, அப்படித் தேடியதை நினைத்தால்தான் இப்போதும் முகம் சுடுகிறது.

கண்காட்சியன்று அப்பா, வேலை செய்யும் பாக்குத் தோட்டத்திலிருந்து சேறு அப்பிய ரப்பர் கம்பூட்ஸோடு நேராக வந்துவிட்டார். "அரே ஜெர்மன், தேரா பாப் ஆயா!" என்று, என் அப்பா வந்துவிட்டதைக் கூடப் படிக்கும் பெங்காலிப் பையன் இந்தியில் கத்திச் சொன்னான். நான் குச்சியால் காட்டிக் காட்டி ஒப்பித்தேன். அப்பா சிவப்புப் பொட்டின்மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவே இல்லை.

"இந்த மூணு துண்டுல இருந்த சனத்துக்கு என்னா சீட்டுடா குடுத்தாங்க?"

"அதெல்லாம் புக்குல இல்லப்பா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

பையன் கெட்டிக்காரன் என்று சார் இந்தியில் புகழ்ந்தார். "ஹாங் சார்," என்று அப்பா தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா ஒட்டியிருக்க," என்றார்.

இரண்டு நாள் கழித்து, தாள்களை வாசித்துச் சொல்ல என்னையும் பட்டா அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். குமாஸ்தா அட்டையைக் கேட்டார்.

"கரையான் தின்னுருச்சு சாப்."

குமாஸ்தாவும் தமிழர்தான். "இத்தன வருசம் வச்சிருந்து இப்பக் கரையானுக்குக் குடுத்தியா? படிக்காத ஜனத்துக்குக் காகிதத்தோட மதிப்பு எங்கய்யா தெரியும்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். அப்பா தலை குனிந்தபடி நின்றார். மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் எனக்குக் குல்ஃபி வாங்கித் தந்தார். நல்லவேளை மாட்டிக்கொள்ளவில்லை, பாவம், அப்பா கரையான் என்றே நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, உருகுவதற்குள் தின்று முடித்தேன்.