நான் சுருக்கிச் சொன்ன பேச்சு

எழுபதுகளின் பிற்பகுதியில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு மாவட்ட நல அலுவலகத்தில் நான் தட்டச்சு எழுத்தராக வேலை பார்த்தேன். ஆதரவில்லாத முதியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், கவனிப்பாரற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் எங்கள் ஆபீஸ்தான் கதி. பெரிய அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஓர் அட்டை தொங்கும். கட்டம் கட்டமாகப் பதவிகள். வெளியே போய் வீடுகளைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு அதில் ஐந்து கட்டங்கள். மூன்றில் 'கோசோங்' என்று பென்சிலால் எழுதியிருக்கும். ஆளில்லை என்று அர்த்தம். சீக்கிரம் ஆள் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் பென்சில். நான் இருந்த காலத்தில் அந்த எழுத்து மங்கியபோது அதன் மேலேயே மறுபடி எழுதினார்கள்.

இருந்த இரண்டு பேரில் ஒருவர் நீண்ட மருத்துவ விடுப்பில் இருந்தார். மிச்சம் ஒரு மலாய்ப் பெண்மணி. நாங்கள் 'புவான்' என்று கூப்பிடுவோம், 'மேடம்' என்பது போல. மாவட்டம் முழுக்க அவர் ஒருவர், ஜீப் ஒன்று. பாதி வேலை ரப்பர் தோட்டங்களில். அவருக்கோ தமிழ் தெரியாது. அதனால் தோட்டத்துக்குப் போகிற நாளில் என்னைத் தட்டச்சு மேசையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார். மொழிபெயர்ப்பவருக்கு அந்த அட்டையில் கட்டமே கிடையாது. எப்படிச் செய்யவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவும் இல்லை. இதையெல்லாம் சொன்னால் என் பழி கொஞ்சம் குறையுமா என்று பல வருஷம் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். குறையவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். எனக்கு ஒன்பது வயதானபோது அப்பாவுக்கு ஈப்போவில் வேலை கிடைத்து அந்நகரின் சிலிபின் பகுதிக்குக் குடிவந்தோம். ஆபீசில் யாருக்கும் இது தெரியாது. கேட்டவர்களிடமெல்லாம் ஈப்போக்காரி என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

ஒருநாள் ஒரு தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடமிருந்து கடிதம் வந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒரு பெண், காது கேளாத தன் மகளைக் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள் என்று எழுதியிருந்தார். அன்று போகவேண்டிய வீடுகள் மூன்று. இது இரண்டாவது. மூன்றரை மணிக்குள் ஜீப் திரும்பியாக வேண்டும், பெரிய அதிகாரிக்கு ஈப்போவில் கூட்டம் இருந்தது. நாங்கள் அந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதே இரண்டு மணி தாண்டிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுதான் இருக்கும். புருஷன் இறந்துவிட்டார். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். சட்டையெல்லாம் பால் கறை. மகளுக்கு எட்டு வயது. அவிழ்த்துவிட்டிருந்தாள், ஆனால் பழைய கைலியைத் திரித்துச் செய்த கயிறு கட்டில் காலிலேயே கிடந்தது. வாசற்படி வரை எட்டுகிற நீளம். பிள்ளை சுத்தமாக, தலைவாரிப் பொட்டு வைத்து இருந்தாள். எங்களைக் கண்டதும் அம்மாவைப் பார்த்து இரண்டு விரலால் நெற்றியைத் தொட்டாள்.

"என்னத்தான் கூப்புடுறா. விடியக்காலம் நெத்தியில விளக்கு கட்டிக்கிட்டுதானே போறேன், அதான் அம்மான்னா நெத்தி. நாங்களா வச்சுக்கிட்டது."

பிறகு என்னைக் கேட்டாள்: "நீங்க எந்தத் தோட்டம் தங்கச்சி?"

"நான் டவுன்" என்றேன்.

புவான் தாழ்ந்த குரலில்தான் பேசினார். பிள்ளையைக் கட்டிவைப்பது தவறு, தெற்கே காது கேளாத பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் இருக்கிறது, அங்கே தங்கிப் படிக்கலாம், சம்மதமா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, நான் கொடுமக்காரி இல்லன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. பின்னாலயே ஈயம் தோண்டுன லம்பத்துக் கொளம் இருக்கு. ஒருவாட்டி எறங்கிட்டா. கூப்ட்டா இவளுக்குக் கேக்குமா? அதான் கட்டுறேன். கைப்புள்ளங்கள பாத்துக்குற ஆயாக் கொட்டாயில கேட்டேன், பெரிய புள்ள, ஊமப் புள்ள, பாக்க முடியாதுங்குறாங்க. இந்த அம்மா மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா சேத்துக்குவாங்க. பால எட போட்டதும் நான் ஓடியாந்து கூட்டிக்குவேன். வேற வழியே இல்லன்னா கூட்டிட்டுப் போகட்டும், நான் தடுக்கல. ஆனா கிட்டத்துல பாருங்க தங்கச்சி. ஞாயித்துக்கெழமயாச்சும் நான் போயி பாக்கணும்."

சொல்லிக்கொண்டே அழுதாள். சொன்னதையே முன்னும் பின்னுமாகத் திரும்பச் சொன்னாள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். வாசலில் பக்கத்து லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் யாராவது என் அம்மாவின் சொந்தமாக இருந்து என்னை அடையாளம் கண்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அந்த வீட்டின் பால் நாற்றம் எனக்குப் பழகியது. அதுதான் என்னை அங்கே நிற்கவிடவில்லை.

புவான் என் முகத்தைப் பார்த்தார். பிள்ளை குளத்தில் விழுந்துவிடும் என்ற பயத்தில் கட்டினாளாம் என்று மலாயில் சொன்னேன். அப்புறம், "டியா செத்துஜு" என்றேன். அவள் சம்மதிக்கிறாள்.

"இவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?"

"சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார், புவான்."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பாரத்தை எடுத்தார். காட்டிய இடத்தில் அந்தப் பெண் பெருவிரல் ரேகை வைத்தாள். மூன்றாவது வீட்டுக்கு அன்று நாங்கள் போகவே இல்லை. நேரம் போதவில்லை.

ஒரு மாதத்தில் பிள்ளையைக் கூட்டிப் போனார்கள். வேறு மாநிலம், இரண்டு பஸ் மாறவேண்டும், ஒரு முழு நாள் பிரயாணம். அதற்குப் பிறகு அந்தப் பெண் மூன்று முறை எங்கள் ஆபீசுக்கு வந்தாள். முன் கண்ணாடி வழியாக அவள் வருவதைப் பார்த்ததும் நான் எழுந்து கோப்பு அறைக்குள் போய்விடுவேன். எங்கள் பியூனிடம் அவள் பேசுவது அலமாரிகளுக்கு நடுவே கேட்கும். மகள் எப்போது வருவாள் என்று சந்தைக்கடை மலாயில் கேட்பாள். அவருக்கு என்ன தெரியும்? கடிதம் வரும் என்பார். மூன்றாவது முறை வந்தபோது, தான் போய்ப் பார்த்து வந்ததைச் சொன்னாள். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறாளாம், கையால் என்னென்னவோ பேசுகிறாளாம். நெற்றியைத் தொடவில்லையாம். இதை அந்தப் பியூனிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஒரு கோப்பை மார்போடு பிடித்துக்கொண்டு, அவள் போகும்வரை அசையாமல் நின்றேன்.

அடுத்த வருஷம் புவானுக்கு மாற்றல் வந்தது. கடைசி நாளில் மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆயாக் கொட்டகையைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. அவர் சோற்றில் கை வைத்தபடி இருந்தார்.

"ஆயாக் கொட்டகைக்கு நான் எழுதியிருப்பேனே. ஒரு கடிதம். நீதானே தட்டச்சு செய்திருப்பாய்."

நான் தட்டை ஒதுக்கி வைத்தேன்.

"அவர் இன்னும் ஏதோ சொன்னார் என்று எனக்கும் தெரியும். ஜீப் நினைப்பில் விட்டுவிட்டேன்" என்றார்.

பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாதா என்று கேட்டேன். இப்போது கோப்பு அந்த மாநிலத்துக்குப் போய்விட்டது, பிள்ளையும் எழுதப் படிக்க ஆரம்பித்துவிட்டாள், பாதியில் இழுத்துக்கொண்டு வருவது நியாயமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் போனதும் அவருடைய கட்டத்திலும் 'கோசோங்' என்று எழுதினார்கள். ஏழு மாதம் யாரும் வரவில்லை. அதற்குள் அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். லயத்துச் சனங்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

நான் பரீட்சை எழுதி உதவி அதிகாரியானேன். வீடு வீடாகப் போனேன். யார் எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வேன். ஆபீசில் என்னை மெதுவான ஆள் என்றார்கள். அது பரிகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஈப்போ பஸ் நிலையத்தில் அந்தத் தாயைப் பார்த்தேன். அவள்தான் முதலில் என்னை அடையாளம் கண்டாள். பக்கத்தில் உயரமாக ஒரு பெண். இருவரும் இப்போது ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்களாம். மகள் தையல் மிஷினில், அம்மா துப்புரவில். மகள் பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து மலாயில் ஏதோ எழுதி, என்னைக் கைகாட்டி அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதை என்னிடம் நீட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே. நீங்க பாத்துச் சொல்லுங்க தங்கச்சி."

நீங்கள் யார் என்று கேட்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரிந்தவள் என்று அடியில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னத நான் அந்த அம்மாகிட்ட முழுசா சொல்லல. ஆயாக் கொட்டாய் சொல்லல. ஞாயித்துக்கெழமயும் சொல்லல."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். யோசித்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

"நான் அவ்ளோ பேசுனேன், நீங்க ரெண்டு வார்த்ததான் சொன்னீங்க. நானும் பாத்தேன். ஆபீஸ் மலாய் அப்படித்தான் சின்னதா இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்லா."

பஸ் வந்துவிட்டது. மகள் அவள் தோளைத் தட்டினாள். படியில் கால் வைத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சொல்லிருந்தா புள்ளய எங்கிட்டயே விட்டிருப்பாங்களா தங்கச்சி?"

மாமாக் கடையில் புவான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு கடிதம் போதும்.

"தெரியல அக்கா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. முதல் தடவை மறைத்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு, நேரமில்லை, சொல்லித் தர ஆளில்லை. இரண்டாம் தடவை அந்தச் சாக்குகளில் எதுவுமே இல்லை.