மழைத்தண்ணீரில் நைதரசனும் நகரசபை ஐயாவும்

புல்தரைக்குப் பசளை, அதாவது உரம், போடுவதைத் தடைசெய்தால் மழைத்தண்ணீரில் நைதரசன் எவ்வளவு குறையும் என்று கணக்கெடுப்பது மிகவும் கௌரவமான தொழில். செய்கிற ஆளான என்னைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும். பாரிஸ் லா சப்பலில் வீடு, புறநகர் கார்ஜ் லே கொனெஸில் வேலை. பள்ளிக்கூடம் கட்டாயப்படுத்திய வேலைப்பயிற்சி, அதுதான் ஸ்தாஜ். ஸ்தாஜ் செய்து நொந்த சக தியாகிகளே, உங்களுக்கு விளங்கும்: முடிவில், நகரசபைக்காக இந்த ஆய்வை நடத்தும் மதாம் ஒடில் கையெழுத்து வைக்காவிட்டால் என் வருடமே போச்சு.

வடிகால் வாசலில்

தடை போட்ட குடியிருப்பு ஒன்று, போடாதது ஒன்று. மழை தொடங்கியதும் இரண்டு வடிகாலிலும் போத்தலில் தண்ணீர் பிடிக்க வேண்டும். முதல் தண்ணீர்தான் முக்கியம், புல்லில் கிடப்பதையெல்லாம் அதுதான் கழுவிக்கொண்டு வரும். தடை போட்ட பக்கம் எனக்கு. தலையில் பிளாஸ்டிக் பையோடு குந்தியிருந்தேன். பஸ்ஸுக்கு நின்ற அண்ணை ஒருவர் குடையோடு ஓடிவந்து, "தம்பி, வீட்டுக் கதவுத் திறப்பு வடிகாலுக்கை விழுந்திட்டுதோ?" என்றார். மழைத்தண்ணீர் பிடிக்கிறேன் என்றேன். அவர் முகம் இரக்கத்தில் சுருங்கியது.

"ஏன் ராசா, வீட்டிலை தண்ணியை வெட்டிப்போட்டாங்களோ?"

குரல் மாற்றம்

அடுத்தது, தடை போட்ட பக்கத்துக் கீழ்மாடித் தமிழ் வீடுகளுக்கு ஃபோன் எடுத்து, புல்லுக்குப் பசளை போடுகிறார்களா என்று கேட்பது. எனக்குக் கோயில் சுவாமியின் குரல் வரும், மெத்ரோ அறிவிப்புக்காரியின் குரல் வரும், ரயில் பிந்தினால் அப்பா திட்டுகிற குரலும் வரும். சொந்தக் குரலில் கேட்க அலுப்பாக இருந்தது. தொண்டையைச் செருமி, நகரசபை மொழிபெயர்ப்பாளர் ஐயா ஆகிவிட்டேன். ஒருவர் விடாமல் "இல்லை" என்றார்கள். படிவம் முழுக்கப் பூச்சியம் போட்டேன். அம்மாவின் சிநேகிதி மகேஸ் மாமிதான் உச்சம்.

"பசளையோ? ஐயா, நாங்கள் அந்தப் புல்லைத் திரும்பியும் பாக்கிறேல்லை!"

கூடிப்போச்சு

பரிசோதனை முடிவு வந்தது. தடை போட்ட பக்கத்துத் தண்ணீரில்தான் நைதரசன் அதிகம். ஒருவரும் பசளை போடவில்லை, நைதரசனும் குறையவில்லை. அப்படியென்றால் தடையால் பிரயோசனம் இல்லை என்று எழுதத் தொடங்கினார் மதாம். அவர் எழுதினால் நகரசபை தடையை எடுத்துவிடும். படிவங்களில் பிழை இருக்கலாமே என்று மெல்ல இழுத்தேன். மதாம் என் தோளில் தட்டினார்.

"உன் படிவங்களைப் போலச் சுத்தமான படிவங்களை நான் கண்டதில்லை. அதனால்தான் நம்புகிறேன்."

சனிக்கிழமை

அந்தப் பூச்சியங்களை நானே சரிபார்க்க வேண்டியிருந்தது. நேரே மகேஸ் மாமி வீட்டுக்குப் போனேன். மாமி ஒரு பேசின் தண்ணீரோடு வெளியே வந்து, கறிவேப்பிலைச் சாடிக்குப் பாதியும் சுற்றியிருந்த புல்லுக்கு மீதியுமாக ஊற்றினார். மீன் கழுவின தண்ணீர்! அந்த வரிசையில் கிறிஸ்தவர்களான வேதக்காரர் வெள்ளிக்கிழமை மீன் காய்ச்சுவார்கள். சைவக்காரர் வெள்ளி விரதம் இருந்து சனிக்கிழமை மீனில் பாய்வார்கள். புல்லுக்கு வாரத்தில் இரண்டு நைதரசன் விருந்து.

"மாமி, இது எவ்வளவு நாளா?"

"தடையெண்டு கடிதம் வந்த நாளிலையிருந்து. கடையிலை வாங்கிற பக்கற் பசளையை அண்டைக்கே விட்டிட்டமே!"

"அப்ப, ஃபோனிலை கேட்டவருக்கு ஏன் சொல்லேல்லை?"

"அந்த நகரசபை ஐயாவின்ரை குரலுக்குப் பயந்து நான் மீன் வாங்கினதையே ஒளிச்சிருப்பன்!"

சொந்தக் குரல்

திங்கட்கிழமை மதாமிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், மீனையும் ஐயாவையும். அவர் கத்தவில்லை. எழுதியதை அப்படியே கிழித்தார். எல்லா வீட்டையும் மறுபடி கேள், மீன் தண்ணீரையும் சேர்த்துக் கேள், உன் குரலில் கேள், பிறகு கையெழுத்தைப் பற்றிக் கதைப்போம் என்றார். மாமிக்குத்தான் முதலில் ஃபோன் எடுத்தேன். "வணக்கம் மாமி, நான் றொஷான் கதைக்கிறன், ஒரு சின்னக் கேள்வி கேக்கலாமோ?"

"ஆரடா பகிடி விடுறது? றொஷானுக்கு இப்பிடி மரியாதையாக் கதைக்கத் தெரியாது, வை ஃபோனை!"

கடைசியில் வீடு வீடாய் நடந்து கேட்டு மதாமின் கையெழுத்தையும் வாங்கிவிட்டேன் என்றாலும், அறிக்கையில் "பிழை வரக்கூடிய காரணங்கள்" என்ற பக்கத்தில் நாய், உதிர்ந்த இலை, மீன் தண்ணீருக்கு அடுத்ததாக என் பெயரும் அச்சாகியிருப்பதை அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை.