எண்ணெய் டின்னில் வைத்த கட்டைவிரல்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பொங்கல் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. கோவை கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கருமத்தம்பட்டியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினேன். நான் ரிப்பேர் செய்த பழைய ஜப்பான் பைக், ஓட்டியது நான், பின்னால் என் கணவர். ஐம்பது வயதில் இந்தப் பொம்பளைக்கு ஏன் இந்த வேலை என்று நினைக்கிறீர்களா? எங்கள் தெருவே அப்படித்தான் நினைத்தது.

அந்த வண்டி என்றால் அவருக்கு உயிர். லேத் பட்டறை வைத்திருந்தவர். அந்த வண்டியின் ஒரு போல்ட்டைக்கூட வேறு மெக்கானிக் தொட விடமாட்டார். எனக்குக் கியர் வண்டி பழக்கியதும் அதில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினாலு மாதம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் மெல்லத் தேறின. வலது கையில் மட்டும் பலமில்லை. தடி ஊன்றி நடப்பார், என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சிகிச்சைக்கு வருவார். ஆனால் பேச்சு போனது போனதுதான். ‘ஆ… ஆ…’ என்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் வராது. எழுதவும் வரவில்லை. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி தலையாட்டுவார்.

நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறதா, இல்லையா? இந்த ஒரு கேள்விதான் என்னை அரித்துத் தின்றது. “உறுதியாச் சொல்ல முடியாதும்மா, நீங்க பேசிக்கிட்டே இருங்க” என்றார் டாக்டர். ஆறு மாதம் விடாமல் பேசினேன். அப்புறம் அலுத்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், ஒளிக்கவில்லை. போனில் யாராவது விசாரித்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, “அவருக்கு ஒண்ணும் புரியறதில்லீங்க, கொழந்த மாதிரித்தான்” என்று சொல்ல ஆரம்பித்தேன். காலையில் ராகிக் கஞ்சி, என்ன சட்டை, எந்த சேனல் என்று எல்லாவற்றையும் நானே முடிவு செய்தேன்.

வண்டியைக் கையில் எடுத்தது ஒரு நப்பாசையில்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவர் முகத்தில் ஏதாவது தெரியாதா என்று. ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில் பெட்ரோல் கெட்டு, கார்பரேட்டருக்குள் வார்னிஷ் மாதிரி படிந்திருந்தது. டேங்க்கைத் திறந்தால் உள்ளே துரு. ஆனால் நான் யார்? பம்ப் கம்பெனி அசெம்பிளியில் இருபது வருஷ அனுபவம். கசிவு பார்ப்பதுதான் என் வேலை. ஒரு சொட்டு ஒழுகினாலும் பம்ப் என்னைத் தாண்டிப் போகாது. இந்தத் திமிர் அன்றைக்கு எனக்கு நிறையவே இருந்தது.

லீவு நாளெல்லாம் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். டேங்க்கில் வினிகரை ஊற்றி, ஒரு கை நட்டுகளைப் போட்டுக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினேன். துருவெல்லாம் காப்பிக் கலரில் வந்தது. சோடா போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்தேன். கார்பரேட்டரைப் பிரித்து, தலைமுடி நுழையும் அளவே இருக்கிற ஜெட் துவாரத்தை வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்தேன். டியூப், ஃபில்டர், பெட்ரோல் டேப்பின் வாஷர் எல்லாம் புதுசு.

கடைசியாக டேங்க் மூடி. அதன் ரப்பர் வெடித்திருந்தது. பிரேக் போட்டால் பெட்ரோல் ததும்பி வெளியே வரும். கெட்டி ரப்பரை வட்டமாக வெட்டிப் பொருத்தினேன். அப்போது மூடியின் உட்புறம் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை கண்ணில் பட்டது. அடடே, துரு எங்கே அரித்திருக்கிறது பார் என்று பசையைக் குழைத்து அழுத்தமாக அடைத்துவிட்டேன். கசிவை விட்டுவைத்துப் பழக்கமில்லையே!

அந்த நேரம் பார்த்து அவர் “ஆ! ஆ!” என்று சத்தம் போட்டு, இடது கையால் நாற்காலியைத் தட்டினார். தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அடம் புடிக்காதீங்க மாமா” என்று கடிந்துகொண்டேன்.

டேங்க் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே பெட்ரோல் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தேன். நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் ஓடியது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, வண்டியாவது ஓடுகிறதே, அவருடைய அக்கா வீட்டுக்காவது கூட்டிப் போவோம் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். இரண்டு பேருக்கும் ஹெல்மெட். ஒரு துண்டால் அவரையும் என்னையும் சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவிநாசி சாலையில் ஏறி ஏழெட்டுக் கிலோமீட்டர் போனதும் வண்டி இருமி இருமி நின்றது. ஓரங்கட்டி, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று ஒரு சத்தம். பெட்ரோல் முக்கால் டேங்க் இருந்தது. மூடிவிட்டு உதைத்தால் உடனே ஸ்டார்ட்! ஃபில்டரில் தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

நீலாம்பூர் தாண்டி மறுபடி நின்றது. இந்த முறை ஃபில்டரைக் கழற்றி ஊதினேன். பிளக்கைத் துடைத்தேன். அவர் பக்கத்தில் நின்று டேங்க் மூடியை இடது கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். டக், டக், டக். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. “பெட்ரோல் இருக்குதுங்க, சும்மா இருங்க கொஞ்சம்!” என்று அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அதை இன்று எழுதும்போதும் என் கை கூசுகிறது.

மூன்றாவது முறை நின்றது ஒரு பஜ்ஜிக் கடைக்குக் கொஞ்சம் முன்னால். வெயில் ஏறிவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, அவரை பெஞ்சில் உட்காரவைத்து இரண்டு டீ சொன்னேன். என் திமிரெல்லாம் வடிந்திருந்தது. ஆட்டோ பிடித்துத் திரும்பிவிடலாம், வண்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

கடைக்கார அம்மா புது எண்ணெய் டின்னை உடைத்தார். ஆணியை வைத்து ஒரு மூலையில் ஒரு அடி, எதிர் மூலையில் ஒரு அடி. டின்னைச் சாய்த்துப் போசிப் பாத்திரத்தில் ஊற்ற ஆரம்பித்தார். எண்ணெய் நூல் பிடித்த மாதிரி இறங்கியது. என் கணவர் எழுந்தார். தடியை பெஞ்சில் சாய்த்துவிட்டு மெதுவாக நடந்து போனார். இடது கைக் கட்டைவிரலை எடுத்து, டின்னின் மேல்பக்கத்து ஓட்டையில் வைத்து அழுத்தினார். எண்ணெய் திக்கித் திக்கி நின்றது.

“ஏனுங்ணா, கைய எடுங்க, எண்ண எறங்குல பாருங்க!” என்றார் அந்த அம்மா.

நான் பதறி ஓடினேன். “கோவிச்சுக்காதீங்கக்கா, அவருக்கு ஒடம்பு சரியில்ல. ஒண்ணும் புரியாதுங்க.”

அவர் விரலை எடுத்தார். எண்ணெய் இறங்கியது. மறுபடி வைத்தார். நின்றது. டின்னை அவர் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “புரியாமயெல்லாம் இல்லீங்க அம்மணி. உங்களுக்குத்தான் என்னமோ காட்டறாரு.”

திரும்பி டேங்க் மூடியைப் பார்த்தேன். அந்த ‘உஸ்’! மூடியில் நான் அடைத்தது துரு அரித்த ஓட்டை இல்லை, காற்று உள்ளே போகிற வழி. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? இருபது வருஷமாகப் பம்ப் பார்க்கிற எனக்கு இது தெரியாதா? நாற்காலியைத் தட்டியது தாகத்தில் இல்லை. மூடியைத் தட்டியது பிடிவாதத்தில் இல்லை. ஆரம்பத்திலிருந்தே மனுஷன் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

“மூடியாங்க மாமா? அந்த ஓட்டையாங்க?” என்று கேட்டேன். அவர் விரலை டின்னிலிருந்து எடுத்தார். எண்ணெய் வழிந்த அந்த விரலோடு, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ள, சிரித்தார். பதினாலு மாதத்தில் முதல் சிரிப்பு. நான் அந்தக் கடை வாசலில், லாரி போகிற ரோட்டோரத்தில், அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். கடைக்கார அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரே தன் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். அந்த ஊக்கால் பசையைக் குத்தி எடுத்தேன்.

அப்புறம் வண்டி நாத்தனார் வீடு வரைக்கும் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். இந்த மனுஷனுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. ஜெட்டும் வாஷரும் காற்றுத் துவாரமும் ஒன்றுவிடாமல் அப்படியே உள்ளே இருந்திருக்கிறது. அப்படியானால் ‘கொழந்த மாதிரித்தான்’ என்று நான் போனில் சொன்னதையும் கேட்டிருக்கிறார். கேட்டும், வாய் வராமல், என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். ஆச்சரியத்துக்கும் வெட்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஓட்டினேன்.

நாத்தனார் வாசலுக்கு ஓடிவந்து, வழக்கம்போல என்னிடம், “தம்பிக்குக் கஞ்சி வெச்சுக் குடுக்கட்டுமா?” என்று கேட்டார். “அவரையே கேளுங்க” என்றேன். நாத்தனார் புரியாமல் விழித்தார். நானே உள்ளே போய் ஒரு டம்ளரில் கஞ்சியும் ஒரு டம்ளரில் காப்பியும் கொண்டுவந்து என் கணவர் முன்னால் வைத்தேன். இடது கை நேராகக் காப்பிக்குப் போனது. ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் காலையில் நான் கஞ்சி கொடுத்திருக்கிறேன்.

பேச்சு இன்றுவரை திரும்பவில்லை. வண்டி நன்றாகவே ஓடுகிறது. அந்த ஊக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த அம்மா வாங்கவில்லை. இப்போது என் சாவிக் கொத்தில் இருக்கிறது. வீட்டில் எங்கேயாவது ‘டக், டக்’ என்று அவர் தட்டும் சத்தம் கேட்டால், அடுப்பில் என்ன இருந்தாலும் அணைத்துவிட்டுப் போய், “என்னங்க மாமா, சொல்லுங்க” என்று அவர் எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன்.